சாய்ந்த அவை

ஆட்சி மாறிய பிறகு சட்டமன்றம் முதன்முறையாகக் கூடிய காலையில் அவையின் தரை சாய்ந்திருந்தது. புதிய ஆளுங்கட்சி உட்கார்ந்த பக்கம் ஒரு முழம் இறங்கியிருந்தது. தோற்ற கட்சியின் பக்கம் அதே அளவு ஏறியிருந்தது. நடுவிலிருந்த சபாநாயகர் மேடை மட்டும் பழைய உயரத்திலேயே நின்றது. அந்த ஆண்டு சிமெண்ட் விலை ஏறியது, நகரப் பேருந்துகளுக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள், அவை சாய்ந்தது. பொதுப்பணித் துறைப் பொறியாளர் ரசமட்டத்துடன் வந்து பார்த்தார். அடித்தளம் நேராக இருந்தது. கீழ்த்தளத்தின் கூரையும் நேராக இருந்தது. அந்தக் கூரைக்கு மேலேயிருந்த தரை மட்டும் சாய்ந்திருந்தது. கட்டடத்தில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் அவருடைய பேனா உருண்டு ஆளுங்கட்சிப் பக்கம் போய் நின்றது. நடைபாதையில் ரப்பர் விரிப்பு ஒட்டவும், உயர்ந்த பக்கத்தில் ஒரு பித்தளைக் கைப்பிடி பொருத்தவும் சொல்லிவிட்டுப் போனார். நாற்காலிகள் ஏற்கெனவே தரையோடு திருகப்பட்டவை என்பதால் யாரும் விழவில்லை. அதிகம் பேர் இருக்கும் பக்கம் தாழ்கிறது, குறைவாக இருக்கும் பக்கம் உயர்கிறது, இதில் என்ன அதிசயம் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். நாளிதழ்கள் தங்கம் விலைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி அவையின் சாய்வையும் போட ஆரம்பித்தன. எதிர்க்கட்சி மறுபடி ஆட்சிக்கு வருமா என்று கேட்டவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காட்டினால் போதுமாக இருந்தது.

எதிர்க்கட்சியின் கொறடா ஒரு பெண். கட்சிக்காரர்களைக் கூட்டிவந்து உட்காரவைப்பதும், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க வைப்பதும் அவர் வேலை. முன்பு மகளிர் கல்லூரி விடுதியில் காப்பாளராக இருந்தவர். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். அவருடைய தம்பியும் அதே அவையில் உறுப்பினர். அக்காதான் தம்பியைக் கட்சிக்குக் கொண்டுவந்தார், பேசக் கற்றுக்கொடுத்தார், ஒரு தொகுதியும் வாங்கிக் கொடுத்தார். தரை சாய்ந்த ஆறாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, தம்பி தன் இருக்கையிலிருந்து எழுந்து, கைப்பிடியைப் பிடிக்காமல் சரிவில் இறங்கி, எதிர்ப்பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், அக்கா குடும்பம் மாடியில், தம்பி குடும்பம் கீழே. அன்று மாலை மாடிப்படியின் அடியில் அக்கா அவரை மறித்துக் கேட்டார்.

"எத்தன நாளா யோசிச்சடா?"

"கட்சி மாறலக்கா. வழுக்கிட்டேன்."

"வழுக்குனவன் எந்திரிச்சு வருவான்."

"ஏத்தமா இருக்குக்கா" என்றார் தம்பி.

அதன்பின் அக்கா அவருடன் அரசியல் பேசவில்லை. ஆனால் அவையில் அக்காவின் பேனா நாளுக்கு இரண்டு முறையாவது உருண்டு தம்பியின் காலடிக்குப் போயிற்று. அக்கா எந்தப் பேனாவையும் மூடி வைக்கமாட்டார். மேசையில் போட்டுவிட்டுக் கையை ஆட்டிப் பேசுவார். தம்பி அவற்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்து, மாலையில் மாடிப்படியின் முதல் படியில் வைத்துவிட்டுப் போவார். அக்கா ஏறும்போது எடுத்துக்கொள்வார். இதைப் பற்றியும் இருவரும் பேசவில்லை.

எதிர்க்கட்சித் தலைவர் முதியவர், குரல்வளம் உள்ளவர், வெளிநடப்பில் பேர்போனவர். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தால் வெளிநடப்பு என்று அர்த்தம். கொறடா எழுவார், வரிசைகள் எழும், எல்லோரும் முழக்கமிட்டபடி பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி நடுவாசல் வழியாக வெளியேறுவார்கள். வாசலில் புகைப்படக்காரர்கள் காத்திருப்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் கேன்டீன். கேன்டீன்காரருக்கும் அவையின் ஒலிபெருக்கி கேட்கும் என்பதால், தலைவரின் குரல் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டதும் டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார். அவர்கள் வந்து சேரும்போது சூடு சரியாக இருக்கும். விலைவாசிக்காக வெளிநடப்புச் செய்தார்கள். சாலைக்காகச் செய்தார்கள். சபாநாயகர் சிரித்ததற்காகச் செய்தார்கள். ஒருமுறை, முந்தைய வெளிநடப்பை அவைக்குறிப்பில் சேர்க்காததற்காகவும் செய்தார்கள். தம்பி போனபின் உறுப்பினர்களின் எண்ணிக்கை மாறவே இல்லை, ஆனால் சாய்வு மட்டும் ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் ஆண்டில் எதிர்க்கட்சி மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நமக்குக் காற்று நன்றாக வருகிறது என்று கடைசி வரிசைக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். எண்ணிக்கை மாறாமல் சாய்வு ஏன் மாறுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த இரண்டாம் ஆண்டில்தான் சிறிய ஊர்களின் பிரசவ வார்டுகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைக்கும் மசோதா வந்தது. இணைப்பது என்றால் மூடுவது. மசோதா வந்த நேரத்தில் எதிர்க்கட்சி கேன்டீனில் இருந்தது. குரல் வாக்கெடுப்பில், டீ ஆறுவதற்குள், மசோதா நிறைவேறியது. கொறடாவின் தொகுதியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வார்டும் அதில் போயிற்று. கட்டில்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் கட்டில்கள் உரசிய கோடுகள் மட்டும் மிச்சம் இருந்தன. மூன்று மாதம் கழித்து, கொறடாவின் தெருவில் தையல்கடை வைத்திருந்த பெண்ணுக்கு, பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியில், ரயில்வே கேட் மூடியிருந்தபோது, காய்கறி வேனுக்குள் குழந்தை பிறந்தது. தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். அடுத்த மாதம் அதே கேட்டில் காத்திருந்த இன்னொருத்தியின் குழந்தை பிழைக்கவில்லை. தையல்கடைக்காரி தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தாள். கொறடா நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"வார்ட மூடுன அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கக்கா?"

"வெளிநடப்புப் பண்ணோம்மா. கடுமையா எதிர்த்தோம்."

"வெளிநடந்து எங்க போனீங்க?"

கொறடாவுக்குப் பொய் சொல்லவும் தெரியும். அன்று பொய் வாயில் வரவில்லை. "கேன்டீனுக்கு" என்றார்.

தையல்கடைக்காரி குழந்தையை மற்ற தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உங்கள உள்ள உக்காரத்தானே அனுப்புனோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். இறங்கும்போது படியில் கிடந்த பேனாவை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனாள். கீழே தம்பி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கொறடா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவரிடம் கேட்டார், நீண்ட நாளுக்குப் பிறகு கேட்ட முதல் அரசியல் கேள்வி அது.

"நீ என்னடா சொன்ன, அன்னைக்கு?"

"எல்லாரும் ஆம்னாங்க. நானும் ஆம்னேன்."

"மசோதாவப் படிச்சியா?"

"எதிர்ல ஆளில்லையேக்கா. யாரு கேக்கப்போறாங்கன்னு படிக்கிறது?"

அந்த வார்டு மறுபடி திறக்க வேண்டும் என்று கொறடா அன்று முடிவு செய்தார். சட்டத்தால் மூடியதைச் சட்டத்தால்தான் திறக்க முடியும். அதற்கு அவை கைக்கு வரவேண்டும். அவையோ ஆளுயரத்துக்குச் சாய்ந்து கிடந்தது. எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தது தற்செயலாக. அந்த மழைக்கால வெளிநடப்பு ஒன்றில் ரப்பர் விரிப்பு ஈரமாக இருந்தது. கொறடா முழக்கத்தின் பாதியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு மாவுக்கட்டோடு வந்தார். இரண்டு அவைக்காவலர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி அவரை இருக்கையில் வைத்தார்கள். பதினோரு மணிக்குத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். வரிசைகள் எழுந்தன. தூக்க ஆளில்லை. "நீ இரும்மா, இந்தா வந்துடுறோம்" என்று தலைவர் குனிந்து சொல்லிவிட்டுப் போனார். கொறடா மின்விசிறிக்கடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லாததால் எதிரில் இருந்த மசோதாவைப் படித்தார். குடிநீர் இணைப்பு மசோதா. ஏழாம் பிரிவில், வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லாமல் இணைப்பு வைத்திருந்தால் துண்டிக்கலாம் என்றிருந்தது. கையைத் தூக்கினார். சபாநாயகர் அந்தப் பக்கம் பார்த்துப் பழக்கமில்லாதவர், கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தார். நகரத்தில் பாதிப் பேர் வாடகைக்காரர்கள், அவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று கொறடா கேட்டார். அமைச்சர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவர் பின்னாலிருந்தவரைப் பார்த்தார். ஏழாம் பிரிவு மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று அமைச்சர் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் கொறடாவின் மேசையிலிருந்த கண்ணாடித் தம்ளரில், ஒரு பக்கமாக விளிம்பைத் தொட்டு நின்ற தண்ணீர் கொஞ்சம் கீழிறங்கியது. அவர் தம்ளரைத் தொடவில்லை. தரை ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது.

கட்சி அறையில் அவர் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வலிக்கு மாத்திரை போட்டிருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். தரை பார்ப்பது ஆட்களின் எண்ணிக்கையை அல்ல, உட்கார்ந்திருப்பவர்களின் எடையை என்றார் கொறடா. நாம் இவ்வளவு நாளும் நம் எடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கேன்டீனில் வைத்துக்கொண்டிருந்தோம் என்றார். இனி வெளிநடப்பு வேண்டாம், எதற்கும் வேண்டாம், கூட்டம் முடியும் வரை எல்லோரும் உட்கார்ந்திருப்போம், ஒவ்வொரு மசோதாவையும் ஒருவர் படித்துக்கொண்டு வரட்டும். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பழக்கத்தால் இருவர் எழுந்து நின்றார்கள், உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, உக்காந்திருக்கிறத எவன் படம் எடுப்பான்?"

"படம் வேணுமா, ஆட்சி வேணுமா?"

"ரெண்டும் இருந்துச்சும்மா நமக்கு. அப்ப யாரும் உக்காரல."

"அதனாலதான் போச்சு" என்றார் கொறடா.

நாற்பது ஆண்டு வெளிநடப்பை ஒரு மாவுக்கட்டு வந்து நிறுத்துவது தலைவருக்குக் கசந்தது. ஒரு கூட்டத்தொடர் முயன்று பார்க்கலாம், தரை இறங்காவிட்டால் கொறடா பதவியை விட்டுவிட வேண்டும் என்று கடைசியில் சொன்னார். கொறடா சரி என்றார்.

உட்கார்ந்திருப்பது நினைத்ததைவிடக் கடினம். முதல் வாரம் முதுகு வலித்தது, இரண்டாம் வாரம் கோபம் வலித்தது. ஆளுங்கட்சி முதலில் சிரித்தது, பிறகு சீண்டியது. முதலமைச்சர் அவர்களைப் பார்த்து, கேன்டீனில் கடன் ஏறிப்போய் உள்ளே விடமாட்டேன் என்கிறார்களா என்று கேட்டார். தலைவரின் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றினார். வரிசைகள் பாதி எழுந்தன. கொறடா எழவில்லை, ஊன்றுகோலை நடைபாதையின் குறுக்கே நீட்டி வைத்தார். அவை முழுதும் தலைவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "பதினாலாம் பக்கத்துல ஒரு சந்தேகம்" என்றார். பாதி எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கீழே கேன்டீன்காரர் ஆற்றி வைத்த டீ முழுவதும் அன்று வீணாயிற்று. அன்று தரை இரண்டு விரல் இறங்கியது. பொறியாளர் வந்து அளந்து, குறையில்லை என்று எழுதினார்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின. எதிர்க்கட்சி உட்கார்ந்திருந்தது. காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தது. மின்விசிறியை நிறுத்தினார்கள், விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒலிவாங்கியைத் துண்டித்தார்கள், தலைவரின் குரலுக்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. பள்ளி வேன்களின் உரிமம், கிணறுகளின் ஆழம், தீயணைப்பு நிலையத்தில் ஏணிகளின் நீளம், எல்லாவற்றிலும் சந்தேகம் கேட்டார்கள். பதில் தெரியாத அமைச்சர்கள் ஒவ்வொருவராக ஏதோ வேலையாக எழுந்துபோக ஆரம்பித்தார்கள், போன இடம் கேன்டீன். ஆற்றிய டீக்கு மறுபடி ஆள் கிடைத்தது. தரை இறங்குவதைக் கண்ட முதலமைச்சர் தன் பக்கத்து வரிசைகளுக்குப் பின்னால் இரும்பு பீரோக்களைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். பீரோக்கள் இருந்தன, தரை இறங்குவதும் நிற்கவில்லை. நாளிதழ்கள் கட்டத்தைப் பெரிதாக்கின. சந்தையிலும் பேருந்திலும் ஆட்கள் காலையில் முதலில் சாய்வைப் பார்த்துவிட்டுத்தான் தங்கத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் துண்டிக்கப்படாத வாடகைக்காரர்கள் அந்தக் கட்டத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார்கள். தையல்கடைக்காரி தன் கடையில் துணி அளக்கும் நாடாவைச் சுவரில் தொங்கவிட்டு, தினமும் அன்றைய அளவில் ஒரு குண்டூசி குத்தி வைத்தாள். கொறடா அந்தக் கடையைத் தாண்டும்போது உள்ளே பார்ப்பார். குண்டூசி இறங்கியிருந்தால் மேலே நடப்பார். இறங்காவிட்டாலும் மேலே நடப்பார், கொஞ்சம் வேகமாக.

தரை கிட்டத்தட்ட மட்டமான சமயத்தில், மாடிப்படி அருகில் அக்கா ஒருமுறை தம்பியிடம் கேட்டார்.

"இப்ப ஏத்தம் இல்லடா. நடந்து வந்துரலாம்."

"மட்டமான தரையில வழுக்கிட்டேன்னா எவன்கா நம்புவான்?" என்றார் தம்பி. பிறகு சொன்னார், "ஒரு தடவ போனது போதும். உக்காந்த எடத்துலயே இருந்து பாக்குறேன். நீங்கதானே உக்காரச் சொல்றீங்க." அக்காவுக்குக் கோபம் வந்தது. மாடியேறிய பிறகு அது போய்விட்டது. தம்பி இப்போதெல்லாம் மசோதாக்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் என்பதை அவர் கவனித்திருந்தார்.

தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தில் கொறடாவின் பேனா மேசையில் போட்ட இடத்திலேயே கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் சபாநாயகர் நன்றி சொன்னதைக் கேட்கவில்லை. அன்று மாலை முதல் படி காலியாக இருந்தது. கொறடா ஒரு நொடி நின்றுவிட்டு ஏறினார். தேர்தல் நடந்தது. வாக்குகளை எண்ணுவதற்கு முன்பே, பூட்டிய அவைக்குள் ஏதோ முனகுவது போலக் கேட்டதாகக் காவலர் ஒருவர் சொன்னார். கதவைத் திறந்து பார்த்தார்கள். தரை மறுபக்கம் சாய்ந்திருந்தது, அதிகமில்லை, உள்ளங்கை அகலம். எண்ணி முடித்ததும் முடிவு அப்படியே வந்தது. எதிர்க்கட்சி சிறிய பெரும்பான்மையில் ஆட்சியைத் திரும்பப் பெற்றது. ஆட்சி மாறினாலும் அந்த அவையில் கட்சிகள் பக்கம் மாறி உட்காருவதில்லை. பொறியாளர் வந்து, பித்தளைக் கைப்பிடியைக் கழற்றி எதிர்ப்பக்கத்தில் பொருத்தினார். திருகுகள் அதே திருகுகள். தலைவர் முதலமைச்சரானார். கொறடாவுக்கு அமைச்சர் பதவி தருவதாகச் சொன்னார்கள். அவர் கொறடாவாகவே இருக்கிறேன் என்றார், இனிதான் நம்மாட்கள் எழுந்து போவார்கள் என்றார்.

முதல் கூட்டத்தொடரில் பிரசவ வார்டுகளை மீண்டும் திறக்கும் மசோதா வந்தது. பார்வையாளர் மாடத்தில் தையல்கடைக்காரி இருந்தாள், நடக்கத் தெரிந்த குழந்தை கம்பிக்கிடையில் காலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. பழைய முதலமைச்சர் கடுமையாகப் பேசி, மேசையைத் தட்டி, தன் ஆட்களோடு எழுந்தார். அவர்கள் முழக்கமிட்டபடி பித்தளைக் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார்கள். ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்த கேன்டீன்காரர் ஆற்ற ஆரம்பித்தார். உயர்ந்த பக்கத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். தம்பிதான். கையில் மசோதா இருந்தது, ஓரங்களில் கோடு போட்டிருந்தது. கையைத் தூக்கினார். சபாநாயகர் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார்.

"திறக்கலாம்னு போட்டிருக்கு. என்னைக்குன்னு போடல. ரயில்வே கேட் வார்டுக்கு எத்தன கட்டில், யாரு நர்ஸ்?"

சுகாதார அமைச்சர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் பின்னாலிருந்தவரைப் பார்த்தார். பின்னாலிருந்தது கொறடா. அவருக்கு முகம் சிவந்தது. இத்தனை ஆண்டு இதற்காகவே உட்கார்ந்திருந்துவிட்டு, தேதி இல்லாத மசோதாவை அவரே சரிபார்த்து அனுப்பியிருந்தார். எழுந்துபோய் அமைச்சரின் காதில் பேசினார், அமைச்சர் அதிகாரிகளைக் கூப்பிட்டார், அவை அரைமணி நேரம் காத்திருந்தது. தம்பி காத்திருந்தார். கடைசியில் அமைச்சர் எழுந்து, பன்னிரண்டு கட்டில், மூன்று நர்ஸ், அடுத்த மாதம் முதல் தேதி என்று சொன்னார். அது அவைக்குறிப்பில் ஏறியது. வாக்கெடுப்பில் தம்பி ஆம் என்றார், இம்முறை தனியாக. மாடத்தில் தையல்கடைக்காரி தேதியைக் காற்றில் விரலால் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொண்டாள். அந்தத் தேதியில் கட்டில்கள் லாரியில் திரும்பி வந்தன. சுவரில் பழைய கோடுகளுக்குப் பக்கத்தில் புதிய கோடுகள் விழுந்தன.

மசோதா நிறைவேறிய அன்று, தம்பி பேசி முடித்து உட்கார்ந்தபோது அவருடைய பேனா மேசையிலிருந்து உருண்டு, சரிவில் இறங்கி, கொறடாவின் காலடியில் வந்து நின்றது. மூடியில்லாத பேனா. அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது, மூடாமல் போடும் பழக்கம் அவனுக்கும் இருந்தது. எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். மாலையில் வீட்டுக்கு வந்து, மாடிப்படியின் முதல் படியில் அதை வைத்துவிட்டு மேலே ஏறினார். மறுநாள் நாளிதழில் தங்கம் கிராமுக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. எதிர்க்கட்சிப் பக்கம் தரை ஒரு விரல் இறங்கியிருந்தது. அடுத்த தேர்தலுக்கு இன்னும் நாலே முக்கால் ஆண்டு இருந்தது. கொறடா காபியை வைத்துவிட்டு, தன் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில், இன்று யாரும் கேன்டீன் பக்கம் போகக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார்.